மண்ணிடம் கேள்வி கேட்டவர்: மார்ட்டினஸ் பெய்யரிங்க்

நுண்ணுயிர் ஆய்வாளர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் லூயி பாஸ்டரையும் ராபர்ட் கோக்கையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வோம். ஒருவர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர். மற்றவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர். நுண்ணுயிர் என்றாலே நோய் என்று நம் மனத்தில் பதிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அதே காலத்தில் நெதர்லாந்து நாட்டில் நுண்ணுயிர்களை எதிரிகளாகப் பார்க்காமல், மண்ணில் ஓயாமல் வேலை செய்யும் உழைப்பாளிகளாகப் பார்த்த ஒருவர் வாழ்ந்தார். அவர்தான் மார்ட்டினஸ் வில்லெம் பெய்யரிங்க்.

வேளாண் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவனான எனக்குப் பாடநூலில் அவர் அறிமுகமானது ஒரே ஒரு வரியில்தான். ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு பாக்டீரியா. தேர்வுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. நூலகத்தில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றவர்களுக்கு, அறிவியல் என்பது பிற மொழிகளில் மட்டுமே நடமாடும் ஒன்றாகிவிட்டது. அதைத் தமிழில் எழுதிப் பார்க்கலாமே என்ற ஆசையில் பிறந்ததே இக்கட்டுரை. இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய என் பாட்டி, இந்த மனிதரின் கண்டுபிடிப்பின்மேல் தினமும் நடந்தவர். அது எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நொடித்த புகையிலை வியாபாரம்

பெய்யரிங்க் 1851ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை புகையிலை வியாபாரி. பிள்ளை சிறுவனாக இருந்தபோதே வியாபாரம் நொடித்துப்போனது. குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. தந்தை இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கையில் காசு இல்லாததால் பன்னிரண்டு வயதுவரை மகனுக்கு அவரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஹார்லெம் நகரில் பள்ளிக்குச் சென்ற சிறுவனுக்குச் செடிகொடிகள்மீது தணியாத ஆர்வம் ஏற்பட்டது. பதினைந்து வயதிலேயே தாவரங்களைத் திரட்டி, அவற்றை இனங்கண்டு பெயரிட்டுப் பரிசும் பெற்றார். தாவரவியல் படிக்க வேண்டும் என்பதே அவர் கனவு. ஆனால், குடும்பத்தின் நிலைமை இடங்கொடுக்கவில்லை. பெரியவர்களில் ஒருவரான உறவினர் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள, டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் தொழில்நுட்பம் படித்தார். விரும்பிய துறை ஒன்று, கிடைத்த துறை வேறு! இந்த அனுபவம் இங்கே நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கிடைத்த துறையை அவர் வீணாக்கவில்லை. அங்கே உடன் பயின்ற வான்ட் ஹாஃப் என்ற நண்பரோடு தங்குமிடத்திலேயே வேதியியல் சோதனைகள் செய்து பார்த்தார். அந்த நண்பர்தான் 1901இல் வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசைப் பெற்றவர். 1872இல் டெல்ஃப்ட் படிப்பை முடித்த பெய்யரிங்க், லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாம் விரும்பிய தாவரவியலைத் தொடர்ந்தார். ஒருபுறம் ஆசிரியர் வேலை, மறுபுறம் ஆய்வு என்று உழைத்து 1877இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது செடிகளில் தோன்றும் கரணைகளை. சில பூச்சிகள் இலையில் முட்டையிட்டால், அந்த இடத்தில் இலை தன் வழக்கமான வடிவத்தை மறந்து, புழுவுக்கு ஒரு கூடு போலப் பருத்து வளரும். ஓர் உயிர் இன்னோர் உயிரின் உடலை எப்படி இப்படி மாற்றி வளரச் செய்கிறது? இந்தக் கேள்வி பெய்யரிங்கை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவர் கண்டுபிடித்தவற்றுள் முக்கியமானவை இந்த ஒரு கேள்வியின் கிளைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

வேரில் ஒரு முடிச்சு

வாகெனிங்கன் விவசாயப் பள்ளியில் சில ஆண்டுகள் கற்பித்த பிறகு, 1885இல் டெல்ஃப்ட் நகரிலிருந்த ஈஸ்ட், மதுசாரத் தொழிற்சாலை ஒன்றில் நுண்ணுயிர் ஆய்வாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அதன் உரிமையாளர் வான் மார்க்கென் பெருந்தன்மை உடையவர். ஈஸ்ட் வேலைக்கு நேரடித் தொடர்பில்லாத ஆய்வுகளையும் செய்ய அனுமதித்தார். அந்தத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில்தான் வேளாண் உலகின் ஒரு பெரும் புதிருக்கு விடை கிடைத்தது.

புதிர் இதுதான். பயறு, அவரை, பட்டாணி போன்றவற்றை விதைத்து அறுவடை செய்த நிலத்தில் அடுத்து எந்தத் தானியம் போட்டாலும் அது செழித்து வளரும். இதை விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். காரணம்தான் தெரியவில்லை. பயிருக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இன்றியமையாதது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனாலும், எந்தச் செடியாலும் அதைக் காற்றிலிருந்து நேராக எடுத்து உண்ண முடியாது. கடலின் நடுவே தாகத்தோடு நிற்பவன் நிலைதான் செடியின் நிலை.

1886இல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர், வில்ஃபார்த் என்ற தம் உதவியாளரோடு சேர்ந்து செய்த ஆய்வின் முடிவை அறிவித்தார். பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன; அதற்கு அவற்றின் வேரிலுள்ள சிறு முடிச்சுகள் தேவை; மண்ணைச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் முடிச்சும் வருவதில்லை, செடியும் வாடுகிறது என்பதே அந்த முடிவு. அப்படியானால் முடிச்சுக்குள் இருக்கும் உயிர் எது? அதைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டுமே!

அதைச் செய்தவர் பெய்யரிங்க். ஆண்டு 1888. அவர் கையாண்ட உத்தி எளிமையானது. மற்றவர்கள் நோய்க்கிருமிகளை வளர்க்க இறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தினார்கள். பயற்றஞ்செடியின் வேரில் வாழும் உயிருக்கு இறைச்சிச் சாறு எதற்கு? பெய்யரிங்க் பட்டாணி இலையின் சாற்றில் ஜெலட்டினும் சிறிது சர்க்கரையும் சேர்த்து விருந்து வைத்தார். முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியா அதில் வளர்ந்தது. பின்னர் அப்படி வளர்த்த பாக்டீரியாவை அவரைச் செடிகளுக்கு இட்டு, அதனால் முடிச்சுகள் தோன்றுவதையும் காட்டினார். அவர் வைத்த பெயர் நிலைக்கவில்லை. 1889இல் ஃபிராங்க் என்பவர் சூட்டிய ரைசோபியம் என்ற பெயரே இன்று வழங்குகிறது. எட்டே ஆண்டுகளில், அதாவது 1896இல், இந்தப் பாக்டீரியாவை விதையோடு சேர்த்து இடும் முறைக்கு ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் ஆகிய இருவர் காப்புரிமை பெற்றுவிட்டனர். உயிர் உரங்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

முடிச்சுக்குள் நடப்பது என்ன?

இரண்டாம் ஆண்டில் செய்முறை வகுப்புக்காகச் செம்பனைக் கன்றுகளுக்கிடையே படர்ந்திருந்த ஒரு கொடியை வேரோடு பிடுங்கினோம். வேர் முழுவதும் மிளகு அளவில் முடிச்சுகள். ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். உள்ளே இரத்தச் சிவப்பு! செடிக்குள் இரத்தமா என்று வகுப்பே வியந்தது. விரிவுரையாளர் விளக்கிய பிறகுதான் அந்தச் சிவப்பின் அருமை புரிந்தது.

நைட்ரஜனைப் பயிர் உண்ணும் வடிவத்துக்கு மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால், பாக்டீரியா உயிரோடு வேலை செய்ய ஆக்சிஜனும் தேவை. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் புரதம். அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, அளந்து அளந்து கொடுக்கிறது. செடி சர்க்கரையைத் தருகிறது. பாக்டீரியா தழைச்சத்தைத் தருகிறது. செடிக்கு இது இலவசம் அன்று. தான் வெயிலில் சமைத்த உணவில் ஒரு பங்கைக் கொடுத்தே வாங்குகிறது. அதனால்தான் மண்ணில் யூரியா நிறைய இருந்தால், பயறுச் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்கிறது. வேறு வழியில் கிடைக்கும்போது விலை கொடுப்பானேன்?

முடிச்சிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா, தனியாக வளரும்போது நைட்ரஜனை மாற்றுவதைப் பெய்யரிங்கால் காண முடியவில்லை. செடியின் வீட்டுக்குள் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும் போலிருந்தது. ஆக்சிஜனைச் சரியாகக் குறைத்து, தனியாகவும் அதை வேலை செய்யவைக்க முடியும் என்று பல ஆய்வுக்குழுக்கள் நிரூபித்தது 1975இல்தான்.

மண்ணைக் கேட்கும் முறை

1895இல் பெய்யரிங்க், தாம் படித்த டெல்ஃப்ட் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். நுண்ணோக்கியால் முதன்முதலில் பாக்டீரியாவைக் கண்ட லேவன்ஹூக் வாழ்ந்த ஊரும் அதுவே.

ஒரு தேக்கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. அவற்றுள் நமக்கு வேண்டிய ஒன்றை எப்படித் தேடுவது? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. பெய்யரிங்க் தேடவில்லை, வரவழைத்தார். நைட்ரஜன் அறவே இல்லாத ஓர் உணவுக் கரைசலைத் தயாரித்து, அதில் சிறிது தோட்ட மண்ணைப் போட்டு, காற்றுப் படும்படி அகன்ற குடுவையில் மெல்லிய அடுக்காக வைத்துவிடுவார். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரியாத உயிர்கள் பட்டினியில் ஒடுங்கிவிடும். தெரிந்தது மட்டும் பெருகி மேலே ஏடாகப் படியும். இப்படித்தான் 1901இல் அசோட்டோபேக்டர் என்ற பாக்டீரியாவை அவர் வெளிக்கொண்டு வந்தார். அது எந்தச் செடியின் வேருக்குள்ளும் குடியிருக்காமல், மண்ணில் தனித்து வாழ்ந்தே நைட்ரஜனை மாற்றும் உயிர். ரஷ்யப் பேரரசில் வினோகிராட்ஸ்கி என்ற அறிஞரும் ஏறத்தாழ இதே முறையைக் கையாண்டு, காற்றில்லாத இடத்தில் வாழும் இன்னொரு பாக்டீரியாவை முன்னரே கண்டிருந்தார். மண் நுண்ணுயிரியலின் தூண்கள் இவ்விருவரும் எனலாம்.

இடையில் 1898இல் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்தார். தந்தையைக் கைவிட்ட அதே புகையிலை! நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்பியது. இதை ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி 1892இலேயே கண்டிருந்தார். ஆனால் இது பாக்டீரியா அன்று, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் வேறு வகைத் தொற்று என்று துணிந்து சொன்னவர் பெய்யரிங்க்தான். வைரஸ் என்ற கருத்து அங்கே பிறந்தது.

கடுகடுத்த பேராசிரியர்

இவ்வளவு சாதித்தவர் பழகுவதற்கு இனியவராக இருந்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மாணவர்களைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்வார். ஆய்வகத்தில் சிறு ஒழுங்கீனத்தையும் பொறுக்கமாட்டார். உதவியாளர்கள் திருமணம் செய்துகொள்வதைக்கூட அவர் விரும்பவில்லை என்று கூறுவர். அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத இரு சகோதரிகளோடு வாழ்ந்தார். சகோதரிகளுள் ஒருவரான ஹென்றியெட்டா, அவருடைய விரிவுரைகளுக்காகப் பெரிய வண்ணப் படங்களை வரைந்து கொடுத்தார்.

இதை மறைத்துவிட்டு எழுதலாம். மாமனிதர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஓர் உயிர் இன்னோர் உயிரோடு ஒத்து வாழ்வதை உலகுக்குக் காட்டியவரால், தம் மாணவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவருடைய உழைப்பைக் கற்போம். அவருடைய கோபத்தை அவரோடு விட்டுவிடுவோம்.

ஓய்வுக்குப் பின்னும் ஒரு விதை

1921இல், எழுபது வயதில், சட்டப்படி ஓய்வுபெற வேண்டியிருந்தது. கோர்ஸல் என்ற சிற்றூருக்குச் சகோதரிகளோடு குடிபெயர்ந்தார். அங்கிருந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1925இல், எழுபத்து நான்கு வயதில், சுருள் வடிவான ஒரு மண் பாக்டீரியாவை விவரித்து ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்டார். அதன் அருமை அப்போது பெரிதாக உணரப்படவில்லை. 1931ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பெய்யரிங்க் காலமானார். நோபெல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பிரேசிலில் யோகன்னா டோபரைனர் என்ற பெண் அறிவியலாளர் புல் வகைகளின் வேர்களில் அதே பாக்டீரியாவைக் கண்டு அதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார். 1978இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று புதுப்பெயர் வந்தது. நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களோடு அது உறவு கொள்கிறது. அது தரும் நைட்ரஜனைவிட அதன் இன்னொரு கொடை பெரிது என்று பின்னர் தெரிந்தது. வேரை வளரத் தூண்டும் ஹார்மோனை அது சுரக்கிறது. பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேர் பெருகினால் செடி அதிக நீரையும் சத்தையும் எட்டிப் பிடிக்கும். மழை பொய்த்த நாள்களில் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

வேரருகே வாழும் வேறு சில பாக்டீரியாக்களின் வேலை இன்னும் வியப்பானது. வறட்சி, உப்பு, வெள்ளம் என்று எந்தத் துன்பம் வந்தாலும் செடி எத்திலீன் என்ற வாயுவை அதிகமாக உண்டாக்கும். அது மிகுந்தால் வேரின் வளர்ச்சி தடைப்படும். இந்தப் பாக்டீரியாக்கள் எத்திலீனுக்கான மூலப்பொருளையே தின்றுவிடுகின்றன. செடி பதற்றம் குறைந்து மீண்டும் வேர்விடுகிறது. பூச்சி முட்டையிட்ட இலையைப் பார்த்து இளம் பெய்யரிங்க் கேட்ட கேள்விக்கு, இங்கே ஒரு புதிய விடை கிடைக்கிறது.

நம் காலடியில்

தமிழ்நாட்டில் நெல் விவசாயிகள் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கலந்த நீரில் நனைத்து நடுகிறார்கள். ரைசோபியத்தை ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து, பயறு விதைகளை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள். டெல்ஃப்ட் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது கஞ்சிச் சட்டிவரை வந்துவிட்டது!

நம் மலேசியாவிலோ அது தோட்டங்களுக்குள் வந்தது. பால்மரத்தையும் செம்பனையையும் புதிதாக நடும்போது, வரிசைகளுக்கிடையே பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா போன்ற பயறு வகைக் கொடிகளைப் படரவிடுவது வழக்கம். இவற்றை மூடுபயிர் என்கிறோம். அவை மண் அரிப்பைத் தடுக்கும், களையை அடக்கும், வேர் முடிச்சுகளின் வழியாக ஓராண்டில் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 150 கிலோகிராம்வரை நைட்ரஜனைச் சேர்க்கும் என்று நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. என் பாட்டி அதிகாலை இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தது இந்தக் கொடிகளின் மேல்தான். பாம்பு கிடக்குமோ என்ற பயத்தில் காலை உதறி உதறி நடப்பாராம். கொடி நன்றாகப் படர்ந்த பகுதியில் மரம் கொழுத்து நிற்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. காரணத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் சொன்னேன். வேரில் குடியிருக்கும் உயிர் காற்றிலிருந்து உரம் சமைக்கிறது என்று தமிழில் சொன்னபோது, அவர் நம்பாமல் சிரித்தார். பிறகு அந்த முடிச்சைத் தமக்கும் ஒருநாள் காட்டச் சொன்னார்.

நுண்ணுயிர் உரம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஒரு பயிருக்கு ஏற்ற வகை இன்னொன்றுக்கு ஏற்காது. பொட்டலத்தை வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் உயிர் மடிந்துவிடும். ஓரிடத்தில் கிடைத்த பலன் இன்னோரிடத்தில் கிடைக்காமலும் போகலாம். இரசாயன உரத்தை அடியோடு கைவிட்டால் உலகுக்குச் சோறு போட முடியாது என்பதும் உண்மை. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தொழிற்சாலையில் உரமாக்க 400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அதற்கு எரிவாயு வேண்டும். 2022இல் உர விலை உலகமெங்கும் எகிறியபோது, சிறு தோட்டக்காரர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். பிரேசில் தன் சோயாப் பயிருக்குத் தேவையான நைட்ரஜனில் பெரும்பகுதியை ரைசோபியத்தின் வழியாகவே பெறுகிறது. ஒரு முடிச்சின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வேளாண்மை படிக்கிறேன் என்றால் இன்னமும் சிலர் அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேற மூன்று தலைமுறை பாடுபட்ட நம் சமுதாயத்தில், மீண்டும் மண்ணைத் தொடுவது ஒரு சறுக்கலாகத் தெரிகிறது போலும். அவர்களுக்கு நான் பெய்யரிங்கின் கதையைச் சொல்வேன். வேண்டிய படிப்புக் கிடைக்காமல் வேறொன்றைப் படித்து, தொழிற்சாலை வேலைக்கிடையே ஒரு வேர் முடிச்சைக் கூர்ந்து பார்த்த மனிதரின் கதை அது. நம் முன்னோர் மண்ணில் கூலிக்கு உழைத்தார்கள். நாம் அதே மண்ணிடம் கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். கேட்கத் தெரிந்தால் மண் பதில் சொல்லும். அந்தப் பதிலை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது நம் கடமை.